ரோமாபுரிக்கு எந்தப் பஸ்?

பேய் கடல் தாண்டாது. உலகம் தோன்றிய நாளிலிருந்து இதுதான் சட்டம் என்று அடித்துச் சொன்னவர் எங்கள் பெரியப்பா. அவர் வத்தலக்குண்டையே தாண்டியதில்லை.

வேன் டயர் வெடித்து அகரம் பிரிவில் கிடக்கிறோம். வேறு டயர் வர ஒரு மணி நேரமாகும். நெருங்கி உட்காருங்க, சொல்றேன். ஏலே கருப்புசாமி, அந்த டார்ச்சை அணை.

என் கூட்டாளி மரியசூசையோட சித்தப்பா மகன் ஆனந்த்ராஜுக்கு நடந்தது இது.

ரெண்டாயிரத்து நாலு, நவம்பர். சனிக்கிழமை ராத்திரி பதினொன்னே முக்கால். இத்தாலியில கடலோரம் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து தங்குற இடத்துக்கு ஒத்தை ரோடு... ஈ காக்கா இல்லை.

ஆனந்த்ராஜ் அங்கே மேல்படிப்பு. படிப்பு வெள்ளிக்கிழமையோட முடியும், சுற்றல் ஆரம்பிக்கும். ஒரு வாரம் வெனிஸ், ஒரு வாரம் பைசா. சாய்ந்த கோபுரத்தை அவன் கையால தாங்குற போட்டோவுக்குச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார் அப்பா பிராங்க்ளின் சார். "எம் மகன் கைய எடுத்தா அம்புட்டுத்தான்" என்பார்.

அம்மா சவரியம்மாள் போனில் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"ரோமாபுரிக்குப் போனியா அப்பு? எம் பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துனியா?"

"அடுத்த வாரம்மா. நீயே வாயேன், கூட்டிட்டுப் போறேன்."

பாஸ்போர்ட்கூட இல்லாத அம்மா அதை நம்பிவிட்டாள். நம்ம ஊர் ஜவுளிக்கடை கட்டைப்பையில் ஒரு சேலை, ஒரு கட்டு மெழுகுதிரி. பையின் வாயைக் கோணி ஊசியால் தைத்துத் தயாராக ஆணியில் மாட்டினாள்.

அந்த ராத்திரி ஒத்தை ரோட்டில் ஆனந்த்ராஜும் கூடப் படிக்கிற ரெண்டு பேரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள். தாண்டிக்குடியில் தனக்குக் காப்பி எஸ்டேட் இருக்கு, அம்மாதான் முதலாளினு அவங்ககிட்ட அளந்து வச்சிருந்தான்.

பின்னால சத்தம்... சரக்... டக். சரக்... டக். வார் அறுந்து ஊக்குக் குத்தின ரப்பர் செருப்பு.

அப்புறம் வாசனை. உப்புக் காத்துல... மல்லிகைப்பூ. கூடவே தைலம்.

விளக்குக் கம்பத்துக்கு அடியில ஒரு பொம்பளை. தலையில முக்காடு. கையில கட்டைப்பை. பையில திண்டுக்கல்னு தமிழ்ல எழுதியிருக்கு.

"அப்பு... ரோமாபுரிக்கு எந்தப் பஸ்ஸு?"

"அண்ணே, போதும்ணே..." என்கிறான் கருப்புசாமி. செத்த நேரம் பேசாம இரு.

கூட வந்தவன் கேட்டான், "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

ஆனந்த்ராஜ் முகத்தைத் திருப்பிக்கிட்டான். "யாரோ பிச்சைக்காரி." பர்ஸைத் துழாவி அந்தக் கையில ஒரு காசை வச்சான். கை சில்லுனு இருந்துச்சு. விறுவிறுனு நடந்தான். செருப்புச் சத்தம் பின்னால வரலை... அங்கேயே நின்னுருச்சு.

மூணு வாரம் கழிச்சுப் பரிட்சை முடிஞ்சது. அதுவரை எப்ப போன் பண்ணினாலும் பிராங்க்ளின் சார், "அம்மா கோயிலுக்குப் போயிருக்கா" என்றார். அன்றைக்குத்தான் உடைந்து அழுதார். அம்மா போய்ச் சேர்ந்து மூணு வாரம். மார்வலி. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அடக்கம். பரிட்சை எழுதுகிற பிள்ளைக்குத் துக்கம் சொல்லக் கூடாதென்று சொந்தக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்களாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'மகன்: ஆனந்த்ராஜ், இத்தாலி' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஊரே நின்று படித்தது. மகனுக்கு மட்டும் தெரியாது.

ஓடி வந்தான். கட்டைப்பை அதே ஆணியில் தொங்கியது.

"யாரும் தொடலைப்பா. அவ தச்சது தச்சபடி இருக்கு" என்றார் அப்பா.

ஒரு தையல்கூடப் பிரியவில்லை. பிளேடால் அறுத்துத் திறந்தான். சேலை இருந்தது. மெழுகுதிரிக் கட்டு இருந்தது. அடியில், சேலை மடிப்புக்குள்ள... ஐம்பது சென்ட் யூரோ காசு.

ரோமாபுரிக்கு அவன் இன்னும் போகவில்லை.

அந்த ராத்திரி அவன் பர்ஸில் பெரிய ரெண்டு யூரோ காசுகளும் இருந்தன. சின்னதாகத் தேடி எடுத்துத்தான் போட்டான்.