ஏழு பேரையும் தொட்டவர்

"காலையில எழுந்ததும் ஒலக்கூர்க்காரங்க ஏழு பேரையும் தொட்டு அவுட்டாக்கிட்டேன், சார்."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டு மீசைக்காரர் பக்கத்திலிருந்த டிரில் மாஸ்டரிடம் இப்படிச் சொன்னார். சடுகுடு பந்தயமோ அன்று சாயங்காலம்தான்.

"கண்ண மூடிக்கினுதான?"

"ஆமா சார். நீங்க சொன்ன மாதிரி பாயில குந்திக்கினு, மனசுக்குள்ளயே பாடிக்கினு போனேன்."

"மூச்சு?"

"வுடவே இல்ல."

"அதான் வேணும். மொதல்ல மனசு ஜெயிக்கணும், அப்புறம் ஒடம்பு தானா ஜெயிக்கும். போன வருசம் உங்க காலப் புடிச்சி அமுக்கினானே ஒரு தடியன், அவன் என்ன ஆனான்?"

"அவனா? தொட்டதும் அழுதுட்டான் சார்."

மாஸ்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

என் பக்கத்தில், ஜன்னலோரம் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்த பெரிய உடம்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இன்னொரு தபா கண்ண மூடி நல்லா பாருங்க. அழுதுக்கினேதான் உங்க காலப் புடிச்சிக்கினு இருக்கேன்."

விழுப்புரம் வரும்வரை மீசைக்காரர் கண்ணை மூடவே இல்லை. மாஸ்டர்தான் மூடிக்கொண்டார்.