ஞானதாஸ் மணி

மேடையில் வீற்றிருக்கும் நிலைய இயக்குநர் அவர்களே, பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அவர்களே, சங்கத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் கேன்டீன் நண்பர்களே, புதுப்பட்டினம் கடைத்தெருவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தம் கணவரின் படத்துக்கு எதிரே அமர்ந்திருக்கும் சகோதரி அன்பரசி அவர்களே! தீப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருக்கும் சம்பத்தின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் அழுதார்கள். நான் அழப்போவதில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று கேட்பீர்கள். மறைந்த ஞானதாஸ் அவர்களும் நானும் ஒரே நாளில் இந்த ஆய்வு நிலையத்துக்குள் நுழைந்தவர்கள். ஒரே பயிற்சி, ஒரே சீருடை, கடைசிவரை ஒரே பதவி. அவரைப் பற்றி உண்மையைப் பேசவேண்டும் என்றால் நான் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்த அரங்கத்தைப் பாருங்கள். நாற்காலி போதாமல் பந்தல்காரரிடம் சொல்லி இறக்கியிருக்கிறார்கள். அப்படியும் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். நாளைக்கு நான் போனால் இதில் பாதிக் கூட்டம் வருமா? பாதியை விடுங்கள், முன்வரிசையாவது நிரம்புமா? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். நம் ஞானதாஸ் அவர்கள் செத்தும் எனக்கு வயிற்றெரிச்சலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. பம்பு ஓடுகிறதா, குழாயில் அழுத்தம் நிற்கிறதா, கூரையில் இருக்கும் புகை உணரும் கருவி விழித்திருக்கிறதா என்று பார்ப்பது. தீயணைக்கும் தண்ணீர்க்குழாய் வைத்த, உப்புக்காற்று தின்ற ஹைட்ரன்ட் பெட்டியின் கீலுக்கு எண்ணெய் விடுவது. தீயணைப்பான் சிலிண்டரை எடுத்து எடை பார்த்து மாட்டுவது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கை தட்டுவார்கள்? யாரும் தட்டமாட்டார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவருக்குத் தட்டினார்கள்.

கருவிக்குள் பல்லி புகுந்துகொண்டு மணி அடிக்கவைத்துவிடும். நான் போய் எடுத்தால், “இதக்கூட ஒழுங்கா பாக்கமாட்டீங்களா சார்?” என்று கேட்பார்கள். ஞானதாஸ் அவர்கள் எடுத்தால் அந்தப் பல்லியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவார். “இத பாருங்க சார், இவன்தான் குற்றவாளி. ஜாமீன்ல வுட்டுடலாமா?” என்பார். கட்டடமே சிரிக்கும். ஹைட்ரன்ட் பெட்டியை மறைத்து நிற்கும் அலமாரியை நகர்த்தச் சொன்னால் நான் விரோதி. அவர் சொன்னால் நகர்த்திவிட்டுக் காபியும் கொடுப்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! இந்த நிலையத்தில் நான் வாழ்க்கை முழுவதும் மருமகளாகவே இருந்துவிட்டேன்.

அலுவலகம் மட்டுமா? இதோ மீன்கடைச் செங்கம்மாள் வந்திருக்கிறார். ஞானதாஸ் அவர்களுக்கு இவர் அள்ளிப் போட்ட வஞ்சிரம் துள்ளும். என் பையில் விழுவது முந்தாநாள் மீன்.

“இன்னா சார், அத்த போயி இங்க சொல்லிகினு கீற?”

சொல்லத்தான் வேண்டும் அம்மா. வேறு எங்கே சொல்வது?

இப்போது மணிக்கு வருகிறேன். புதன்கிழமைதோறும் தேநீர் நேரத்தில் நம் நிலையத்தில் அபாய மணியைச் சோதிப்பது வழக்கம். அதற்கு முன் ஒலிபெருக்கியில் ஞானதாஸ் அவர்களின் குரல் வரும். “யாரும் பேஜாராவாதீங்க. நான்தான் ஞானதாஸு. மணி அடிக்குதான்னு பாத்துகினு கீறேன். நீங்க டீய குடிங்க.” அந்தக் குரலுக்கு நீங்கள் எல்லோரும் அடிமை. நாளடைவில் மணிக்கே அவர் பெயர் வந்துவிட்டது. “ஞானதாஸ் மணி அடிச்சிடுச்சு, வா, டீ குடிக்கலாம்” என்று சொல்லாதவர் இங்கே யாராவது உண்டா?

மணி என்பது எழுந்து ஓடுவதற்கு, உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்கு அல்ல என்று நான் கத்தினேன். பொறாமையில் பேசுகிறான் என்றார்கள். பொறாமையில்தான் பேசினேன். ஆனால் பொறாமையில் பேசினாலும் சரியானது சரிதானே?

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. அதே தேநீர் நேரத்தில், கேன்டீனை ஒட்டிய கட்டடத்தில் மின்கல அறை புகைய ஆரம்பித்தது. மணி அடித்தது. அன்றைக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. ஒருவராவது எழுந்தீர்களா? “ஞானதாஸ் இன்னிக்கி பேச மறந்துட்டாரு” என்று சொல்லிக்கொண்டு வடையைக் கடித்தீர்கள். புகை கேன்டீன் ஜன்னலுக்கு வரும்வரை கடித்தீர்கள். ஒரு மனிதனை இவ்வளவு நேசித்ததால் சாகத் துணிந்த கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது!

பம்ப் ஹவுஸில் இருந்த ஞானதாஸ் அவர்கள் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். “ஏ, நான் அடிக்கலப்பா! நான் அடிக்கல! எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுங்க!” அந்தக் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நீங்கள் கேட்டதில்லை. எழுந்து ஓடினீர்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்து, முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் அந்தப் புகையை அடக்கியது யார் தெரியுமா? தெரியாது. நான்தான். வெளியே வந்து பார்க்கிறேன், வேப்பமரத்தடியில் எல்லோரும் ஞானதாஸ் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உட்காரப் பழக்கியவரும் அவரே, எழுப்பிவிட்டவரும் அவரே. இரண்டுக்கும் சேர்த்துப் பாராட்டு அவருக்கே! என் வயிறு எரிந்ததற்கு எந்தத் தீயணைப்பானும் போதாது.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். “நீ சொன்னதுதான் கரெக்ட்டு மச்சான். இத்தினி பேர நானே கொன்னுருப்பேன். இனிமே மைக்க நீ புடி. உன் கொரல கேட்டா எவனும் குந்திகினு இருக்கமாட்டான்” என்றார். நீ போடும் பிச்சை எனக்கு வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமையிலிருந்து மைக்கைத் தொடவில்லை. மணி அடித்ததும் மாடி மாடியாக ஏறி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து எழுப்பினார். மூச்சு வாங்க வாங்க ஏறினார். சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து வீடு திரும்பி, சட்டையைக் கழற்றும்போது சாய்ந்தார். அதற்கு முந்தைய புதன்கிழமைகூட அந்தப் படிகளில் ஏறியவர் அவர்.

இன்று கூட்டம் தொடங்கும்போது இயக்குநர் அவர்கள் ஓர் அறிவிப்பு செய்தார். ஞானதாஸ் அவர்களின் பழைய ஒலிப்பதிவு ஒன்று கிடைத்திருக்கிறதாம். இனி புதன்கிழமைதோறும் மணிக்கு முன்னால் அந்தக் குரலை ஒலிபரப்பி அவரை நினைவுகூரலாம் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள், கண்ணைத் துடைத்தீர்கள். நான் தட்டவில்லை.

இயக்குநர் அவர்களே, பணிவோடு எதிர்க்கிறேன். பொறாமையா? ஆமாம், அதுவும்தான். செத்த பிறகும் வாரம் தவறாமல் அவர் குரலே கேட்கவேண்டுமா என்று எனக்குள் கொதிக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். உட்காருங்கள் என்று சொன்ன அந்தப் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். அவரே வேண்டாம் என்று விட்டதை, அவர் மறுக்கமுடியாத இந்த நேரத்தில், மறுபடியும் அவர் வாயில் வைக்கலாமா? உட்காருங்கள் என்ற குரல் மட்டும் இருக்கும். அடுத்த முறை புகை வந்தால், நான் அடிக்கலப்பா என்று ஓடிவர அவர் எங்கே இருக்கிறார்?

இந்த யோசனை நேற்றே என் காதில் விழுந்துவிட்டது. இதைப் பேச அனுமதி கேட்க அப்போதே சகோதரி அன்பரசியின் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னப் பத்தி வீட்ல என்ன சொல்லுவாரும்மா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “உங்கள பத்தியா? ஒண்ணும் சொன்னதில்லண்ணே” என்றார்.

ஒன்றும் சொன்னதில்லை! திட்டியாவது இருக்கக்கூடாதா? வருடக்கணக்காக ஒருவரைப் பார்த்துப் பார்த்து வெந்தேன். அவர் மனத்தில் எனக்கு ஒரு முக்காலிகூட இல்லை. இந்தப் பொறாமையையும் நான் தனியாகத்தான் செய்திருக்கிறேன்.

ஒலிப்பதிவைப் பற்றியும் சொன்னேன். சகோதரி சொன்னதை அவர் அனுமதியோடு அப்படியே சொல்கிறேன். “அந்தக் கொரலு என் போன்ல கீதுண்ணே. வேணுன்னா நான் வூட்ல கேட்டுக்கிறேன். அத்த நம்பி எவனாவது உள்ளயே குந்திகினு செத்தான்னா, அவரு எப்டிண்ணே தூங்குவாரு?”

அவையோரே! அஞ்சலி என்று சொல்லி ஒரு நிமிடம் நிற்கப்போகிறோம். நில்லுங்கள். அதற்குப் பிறகு நான் எடுக்கும் உறுதி இது. வரும் புதன்கிழமை மணியை நான் அடிப்பேன். எந்த நேரம் என்று சொல்லமாட்டேன். முன்னால் எந்தக் குரலும் வராது. பிறகு அவர் ஏறிய மாடிகளில் எல்லாம் ஏறுவேன். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கமாட்டீர்கள், காபி தரமாட்டீர்கள். “ஞானதாஸ் இருந்தா இப்படி விரட்டுவாரா?” என்பீர்கள். அது என் காதில் விழும், வயிறு எரியும். எரிந்துகொண்டே உங்கள் தலைகளை எண்ணுவேன். ஒரு தலை குறைந்தால் உள்ளே போய்த் தேடுவேன். அவரை நேசித்ததுபோல் என்னை நேசிக்கச் சொல்லவில்லை, அது நடக்காது என்று எனக்குத் தெரியும். என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள். ஆனால் வெளியே வாருங்கள்.