ஆறாம் பகுதி

— ஆறு மணிக்கு எழுந்தேன். தண்ணி பிடிச்சேன். ரெண்டு முட்டை வேகவச்சேன். ஷேவ் பண்ணேன். பஸ் ஏறுனேன். போதுமா, பெர்னார்ட்?

— சாப்ட்டியான்னுதானே மச்சா கேட்டேன்?

— முட்டையை அடுப்புல வச்சுட்டே வந்துட்டேன்.

— நல்லா இருக்கு. இந்தா, கார பன். வைட்ஃபீல்ட் வர்றதுக்குள்ள தின்னு முடி. பதினொண்ணுக்கு நம்ம பேப்பரைப் பார்க்குற கமிட்டிக்காரங்க ஃபோன்ல வருவாங்க, உத்தமன். அதுக்குள்ள அதுல ஆறாம் பகுதியை மாத்தணும்.

— வேண்டாம்.

— உன் நிருபமா கண்ணை மூடி நாலு மாசமா இதே பாட்டு.

— அவ எழுதுனது. ஒரு எழுத்தைக்கூட தொடாதே.

— அவளை யாருப்பா குறை சொன்னா? முன்னாடி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு ரௌட்டரையும் சௌக்கியமான்னு நாமதான் விசாரிச்சுட்டு இருந்தோம். ஏதாவது நடந்தா ரௌட்டரே சொல்லட்டும், நடக்க நடக்க சொல்லிட்டே இருக்கட்டும்னு சொன்னது அவ. பெரிய பெரிய கம்பெனிக்காரன்லாம் வாயை மூடிட்டுக் கேட்டான். எனக்கே காலரைத் தூக்கி விட்டுக்கணும்போல இருந்துச்சு.

— ம்.

— லைன் அறுந்து திரும்ப வந்தா, நடுவுல விட்டுப்போனதையும் ரௌட்டர் சொல்லணும். ஆறாம் பகுதி அதான். அதுவும் அவ மூளைதான்.

— அப்ப அப்படியே அனுப்பு.

— அனுப்பிட்டு? நேத்து டெஸ்ட்ல முந்தாநாள் ஓசூர் லைன் போன சேதியை ரௌட்டர் திரும்பச் சொல்லுச்சு. நம்ம சுதீர் இப்பத்தான் போச்சுன்னு நினைச்சு, கார் எடுத்துட்டு ஓசூருக்கே போயிட்டான். அங்க எல்லாம் ஜம்முனு ஓடுது. டீ குடிச்சுட்டு வந்தான்.

— சிரிக்காதே.

— சிரிக்கல மச்சா. எது பழசு, எது இப்ப நடக்குறதுன்னு பிரிச்சுக் காட்ட அதுல ஒண்ணுமே இல்ல. கமிட்டில எவனாவது பிடிச்சுட்டான்னா பேப்பரையே தூக்கிப் போட்டுடுவான். முதல் பக்கத்துல அவ பேர் இருக்கு, உத்தமன்.

— தெரியும்.

— தப்பு இருக்குறதுமா?

— அதுவும்தான். நீ டெஸ்ட் போட்டுக் கண்டுபிடிச்ச. அவ ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே, மனசுலயே ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சா.

— அடப்பாவி! அப்புறம் எதுக்கு இத்தனை நாள் எங்களோட சண்டை?

— திருத்துனா, அதுல என் கை பட்ட மாதிரி ஆயிடும்.

— அவ உன்கிட்ட என்னதான் சொன்னா?

— ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிட்டு சொன்னா. அதான் அவ கடைசியா பேசுனது. "பழசு முடியிற இடத்துல ஒரு வரி போட மறந்துட்டேன். பெர்னார்ட் பார்க்கறதுக்குள்ள நீ போட்டுடு."