முருங்கைப் பூச்சிக்கு எடுத்த கேன்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வசிக்கும் மனுவேல் மகன் ஃபிராங்க்ளின், வயது 38, விசாரணையில் சொன்னது:

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து நாட்டுப்படகில் மீன்பிடித் தொழில் செய்து வருகிறேன். இறந்துபோன ஜெஸ்லின் என் மனைவி. எங்களுக்கு ஜெனிஸ் என்று ஆறு வயதில் ஒரு மகள். ஜெஸ்லினை நான்தான் எரித்துவிட்டேன் என்று அவளுடைய அண்ணன் செல்வின் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்புறத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைந்தது. பகலில் அடிமரத்தில் சாக்கை ஒட்டிவைத்ததுபோல் கூட்டமாகக் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி இலையைத் தின்னும். மரத்தடிக் கொடியில் காய்ந்த சட்டையைப் போட்டு ஜெனிஸுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதன் பிறகு வியாழக்கிழமையிலிருந்து, பந்தம் கட்டிப் பூச்சியைக் கருக்கிவிடச் சொல்லி ஜெஸ்லின் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுக்கடலுக்குப் போகிறவனுக்குக் கம்பளியைக் கண்டால் பயம் என்று கேலியும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை, அன்றைக்குப் பார்க்கலாம் என்றேன்.

எங்கள் படகு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சனிக்கிழமை கரை வந்தபோது பெட்ரோல் கேன் அடியில் கீறிப்போயிருந்தது. மீதிப் பெட்ரோலைக் காலியான மண்ணெண்ணெய்க் கேனில் ஊற்றி, கரையில் வைத்தால் களவு போகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்தேன். அந்தக் கேனில் எதை ஊற்றினாலும் மண்ணெண்ணெய் வாடைதான் தூக்கும். ஜெஸ்லினிடம் சொல்ல நினைத்தேன், சாப்பிட்டதும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் சங்கக் கூட்டம் இருப்பதாக அவளிடம் பொய் சொல்லிவிட்டுக் கடற்கரையில் கேரம் விளையாடப் போனேன். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு விஜிலா அக்கா ஆள் அனுப்ப, ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜெஸ்லினை ஈரச் சாக்கில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். கம்பில் சுற்றிய துணியில் அந்தக் கேனிலிருந்து ஊற்றிப் பற்றவைத்ததும் தீ நைட்டிக்குத் தாவியதாக விஜிலா அக்கா சொன்னார். அதன் பிறகு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். நினைவும் பேச்சும் இருந்தது. "ஜெனிஸ் அப்பா, மண்ணெண்ணெய நாந்தான் கூட ஊத்திட்டேன். எனக்குக் கூறு இல்ல" என்று என்னிடம் சொன்னாள். மாஜிஸ்திரேட் ஐயா வந்து கேட்டபோதும் அப்படியே சொல்லியிருக்கிறாள். அது பெட்ரோல் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. என்னை வெறுத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துவிட்டாள்.

நான் தீ வைக்கவில்லை. செல்வின் மச்சான் கோபப்படுவதில் எனக்கு வருத்தம் இல்லை. மாஜிஸ்திரேட் ஐயா எழுதிய காகிதத்தில் தப்பு ஜெஸ்லினுடையது என்று இருக்கிறது. அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இதிலாவது எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ம. ஃபிராங்க்ளின்