மொட்டைக்குப் போகும் பிள்ளையின் காய்ச்சல்

திண்டுக்கல்லில் ஏறிய பழனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் மூன்று வயதுப் பிள்ளை.

"காய்ச்சல் இம்புட்டுச் சீக்கிரம் விட்டதுதான் பயமா இருக்கு," என்றாள் அவள். "நீங்க மருந்து எதும் குடுத்தீங்களா?"

"கிளம்புறப்ப ஒரு மூடி குடுத்தேன். சொன்னா நீயும் அம்மாவும் மொட்டையத் தள்ளிப்போடுவீங்க."

"அய்யோ, அதே மருந்த நானும் குடுத்தேங்க! பிள்ளைய மடியில வச்சு மொட்டை போடணும்னு எங்கண்ணன் லீவு போட்டு வந்திருக்கு. காய்ச்சல்னா உங்கம்மா கிளம்ப விடுவாங்களா?"

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். "சார், ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு மூடி..."

அதற்கும் முன் சீட்டிலிருந்து அந்த அண்ணன் மெல்ல எழுந்து திரும்பினார்.

"மாப்ள, மூணுன்னு சொல்லுங்க."