தேன்மொழி அக்கா தேர்ந்தெடுத்த கடை

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ரூபேந்திரன் ஐயா அவர்களே, பாலோ, பத்து பாகாட் ஊர்களிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, லாபிஸ் வட்டாரப் பெருமக்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தேன்மொழி அக்காவின் மகள் லோஷினியே, உங்கள் அனைவருக்கும் புஷ்பவள்ளியின் வணக்கம். மகளிர் பலகாரச் சங்கத்தில் நான் பொருளாளர். ஆனால் தேன்மொழி அக்கா எனக்கு வைத்திருந்த பதவி வேறு. பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவார். அது பொய்யில்லை. இப்போதும் பயந்துகொண்டுதான் நிற்கிறேன். மைக்கைப் பார்த்து அல்ல. மாலை போட்ட அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கைப்பேசி இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான்.

அது அக்காவின் கைப்பேசி. நம்முடைய ஆன்லைன் பலகாரக் கடைக்கு வரும் ஒவ்வோர் ஆர்டருக்கும் அதில்தான் மணியடிக்கும். தீபாவளி நெருங்கிவிட்டது. அக்கா போய்விட்ட செய்தி வாங்குகிறவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. அவர்கள் பாட்டுக்கு முறுக்கைத் திரையிலுள்ள கூடையில் போடுகிறார்கள், பணத்தைக் கட்டுகிறார்கள், மணி அடிக்கிறது. கவனிக்க ஆளில்லாமல் ஒரு கடை ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கிறது. எனக்கு அதைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. இனி யாரைக் கேட்போம்? அக்கா கண்ணை மூடிய நாளிலிருந்து எனக்கு இதே யோசனைதான். துக்கத்தைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை இந்தப் பயம்.

தலைவர் ஐயா பேசும்போது, நம் செயலாளர் திருமதி தேன்மொழி காளியப்பன் ஒரு செயல் வீராங்கனை என்றார். வழிமொழிகிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட வீரம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த வருடம் ஞாபகமிருக்கிறதா? தீபாவளிச் சந்தை இல்லை. வாட்ஸ்அப்பில் விற்றுப் பார்த்தோம். செகாமாட்டுக்குப் போக வேண்டிய ஓமப்பொடி குளுவாங்குக்குப் போனது. குளுவாங்கில் கேட்ட அச்சுமுறுக்கு யார் வயிற்றுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. வாங்கியவர்கள் திட்டினார்கள், நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். சங்கமே உடைந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் அக்கா ஒழுங்கான ஆன்லைன் கடை ஒன்று வேண்டும் என்றார்.

எந்த மென்பொருளை எடுப்பது? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தலைவர் ஐயாவின் மருமகன் தீபன் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் இல்லாத வசதியே இல்லை. நாலு நாட்டுப் பணத்தில் விலை காட்டும், விற்பனையைப் படமாக வரையும். நாங்கள் வாயைப் பிளந்தோம். அக்கா மட்டும் அந்தக் கைப்பேசியை வாங்கி, மாவுக் கையோடு நின்ற பத்து பாகாட் மஜீதா அக்காவிடம் நீட்டினார். மிக்சர் படம் ஒன்றை அவரே ஏற்ற வேண்டும், மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. படம் ஏறியது, ஆனால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. விலை போடும் இடத்தைக் காணவே காணோம்.

“அலமாக், ஐயோ, இது எனக்கு ஆவாதுலா,” என்று மஜீதா அக்கா கை கழுவப் போய்விட்டார்.

“அவங்களுக்கு ஆவலன்னா சங்கத்துக்கும் ஆவாது,” என்றார் அக்கா. தீபன் தம்பி, வருத்தம் வேண்டாம். உங்கள் முகம் அன்றைக்குப் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்து இன்னும் இரண்டு மென்பொருள்கள் வந்தன. இரண்டுமே சுலபந்தான், மஜீதா அக்கா இரண்டிலும் தேறிவிட்டார். அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? அக்கா இரண்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் போன் போட்டார். முதலாவதில் ஆள் வரவில்லை, சங்கீதம் மட்டும் ஓடியது. அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு முறுக்குப் பிழிந்தார். ஒரு சட்டி முறுக்கு வெந்து இறங்கியது, சங்கீதம் இறங்கவில்லை. இரண்டாவதில் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். பெயர் ஆப்ரின். கூடையில் தெரியாமல் போட்ட முறுக்கை எப்படி வெளியே எடுப்பது என்று அக்கா கேட்டார். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் அதே முறுக்கு, அதே கூடை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு அக்கா என்னிடம் சொன்னார். “அந்தப் பொண்ணு பெருமூச்சு விடல, புஷ்பா. நாம கேட்டதையேதான் கேப்போம். நமக்கு இதான் கடை.”

அப்படித்தான் தேர்ந்தெடுத்தார். எத்தனை பேருக்கு இந்த யோசனை வரும், சொல்லுங்கள்!

ஆனால் நாம் என்ன செய்தோம்? கடைத் திரையின் மூலையில், அந்த உதவி எண்ணுக்கே போகும் பச்சைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. இந்த மண்டபத்தில் அதை ஒரு தடவையாவது அழுத்தியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கையும் காணோம். எனக்குத் தெரியும். எது என்றாலும் அக்காவைத்தான் கூப்பிட்டோம். விலை மாற்ற அக்கா, தபால் செலவு கூட்ட அக்கா, படம் படுத்தால் அக்கா. அவரும் என்ன சொல்வார்? “இரு, பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்.” சொன்னபடி கூப்பிடுவார், சரியாகச் சொல்லுவார். அந்தப் பத்து நிமிஷம் அடுப்பு வேலை என்று நினைத்துக்கொண்டோம். அக்காவுக்குத் தெரியாதது இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். கடையில் முதலில் விற்றுப்போகும் பலகாரம் எது? ‘தேன்மொழி அதிரசம்.’ அவர் பெயரில், அவரும் லோஷினியும் சுடுவது. துக்க வீட்டில் இந்தத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. வேறு ஒருத்தி சுட்டு அந்தப் பெயரில் அனுப்ப மனம் வருமா? கருமாதி முடிந்ததும், அதிரசத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று லோஷினி கைப்பேசியை என் கையில் கொடுத்தாள். அவளுக்கும் கடை வேலை தெரியாது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இஷ்ட தெய்வத்தை வேண்டிக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்தினேன்.

அதிரசம் விற்றுத் தீர்ந்தது என்று காட்டும் என நினைத்தேன். சிறப்புச் சலுகை, பாதி விலை என்று காட்டியது.

அதற்குப் பிறகு மணி அடித்த அடி இருக்கிறதே! எந்தக் கையால் சுடுவதென்று தெரியாத அதிரசத்துக்கு ஊர் ஊராக ஆர்டர். இத்தனை வருடம் அக்கா கட்டிக்காத்த பெயரை நான் ஒரே விரலால் கவிழ்த்துவிட்டேனே என்று பதறிப்போனேன். யாரைக் கேட்பேன்? என்னையறியாமல் என் கைப்பேசியில் அக்கா எண்ணையே அழுத்தினேன். என் மடியில் இருந்த அக்காவின் கைப்பேசிதான் அடித்தது. அப்போது அழுதேன். அழுது முடித்து, வேறு வழியில்லாமல், அக்காவின் கைப்பேசியை எடுத்து அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

ஆப்ரின்தான் எடுத்தாள். எண்ணைப் பார்த்ததும் நான் பேசுவதற்குள் அவளே கேட்டாள்.

“சொல்லுங்க தேன்மொழி ஆன்ட்டி. இன்னிக்கி யாருக்காகக் கேக்கிறீங்க?”

கேட்டீர்களா? நமக்குச் சொன்னதெல்லாம் அக்கா இவளிடம் கேட்டுச் சொன்னது. அந்தப் பத்து நிமிஷம் அடுப்பு வேலை இல்லை. நமக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாதுதான். ஆனால் கேட்க வெட்கப்படவில்லை. நம் வெட்கத்தையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“எனக்காகத்தாம்மா. புஷ்பவள்ளின்னு சொல்லுவாங்க. அக்கா... அக்கா தவறிட்டாங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். சலுகை போனது. வாங்கியவர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி எழுதுவது என்று காட்டினாள். இதைச் சுடும் கை இப்போது எங்களோடு இல்லை, பணம் வேண்டுமா, வேறு பலகாரம் வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில்கள் இன்னும் வரவில்லை. கோபிப்பார்களோ, கடையைத் திட்டி எழுதுவார்களோ, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அதிரசத்தின் படத்தையும் எடுத்துவிடவா என்று ஆப்ரின் கேட்டாள். லோஷினியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் கையை அசைத்தாள். படம் இருக்கட்டும், வாங்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிடு, அடுத்த வருடம் இவள் சுடுவாள் என்றேன்.

சகோதரிகளே, அக்காவுக்குச் சிலை வைக்கப் போவதில்லை நாம். அவர் தேர்ந்தெடுத்த கடையை மூடாமல் இருந்தால் போதும். இனி இன்னொரு தேன்மொழியைத் தேடி அவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்ற மாட்டோம். தெரியாததை அவரவர் வாயால் கேட்போம். ஒருத்தி கேட்டால் மற்றவர்கள் பக்கத்தில் நிற்போம். இதுதான் அக்காவின் படத்துக்கு முன்னால் நாம் கொடுக்கும் வாக்கு.

இதோ, மணி அடிக்கிறது. மன்னிக்க வேண்டும், பார்த்துவிடுகிறேன். மூவாரிலிருந்து ஒருவருக்கு மிக்சர் வேண்டுமாம். மஜீதா அக்கா, உங்கள் மிக்சர். எழுந்து வாருங்கள். இந்த ஆர்டரை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தப்பாகப் போனால் அந்தப் பச்சைப் பொத்தான் இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பாகட்டும். பக்கத்தில் நான் நிற்கிறேன். பெருமூச்சு விட மாட்டேன்.