ஸ்டெல்லா ஆன்ட்டியின் வியாழக்கிழமை

விவேக் நகரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இரண்டு புடவையிலும் ஒரே மகளிர் கிளப்பின் பேட்ஜ். இளையவர் மடியில் கிளப் பெயர் போட்ட ஒரு நோட்டு.

“அக்கா, ஸ்டெல்லா ஆன்ட்டி நம்மளைப் பாவம்ங்கறாங்க.”

“நம்மளையா? கால் முடியாம தனியா இருக்கறது அவங்கதானே? நாமதானே வாராவாரம் துணைக்குப் போறோம்?”

“அவங்க அப்படி நெனக்கல. வியாழக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டையே மாத்திட்டாங்களாம். ‘அவங்க ரெண்டு பேருக்கும் மனசு விட்டுப் பேச வேற எடமில்ல, நான் வீட்ல இல்லன்னா எங்க போவாங்க’ன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்காங்க.”

“கிளப்லேர்ந்து சர்வீஸுக்கு வர்றோம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிக்கா சொல்றது? போன வாரம் நீங்க மருமக விஷயத்தைச் சொல்லி அங்க ஒரு மணி நேரம் அழுதீங்க.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் வந்தது. இறங்க எழுந்தபோது இளையவர் நோட்டைப் பிரித்தார்.

“பார்க்கப் போனவர், ஆறுதல் பெற்றவர்னு ரெண்டு கட்டம் இருக்கு. போன வாரத்துது இன்னும் எழுதலக்கா.”

“எழுது,” என்றார் மூத்தவர். “என் பேரை ரெண்டாவது கட்டத்துல போடு.”